வன்னியின் பழைய கட்டிடங்களைத் திருத்த உதவிப்பணம் கிடைக்குமா?

ஒட்டுசுட்டான் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சந்தியில் நிற்கும் ஒரு கட்டிடத்தைப் பற்றிக் கேட்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். என் தகப்பனாரின் சிறுபராயத்தில் வாசிகசாலையாக எழும்பி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிக்கும் சீனிக்கும் பங்கீடு வந்தபோது கூட்டுறவுச் சங்கக்கடையாகி, பின்பு நெல் அடுக்கும் களஞ்சியமாகி, கடைசிக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குத் தங்குமிடமாகவும் இருந்த கட்டிடம் அது. சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரை முதிரை மரத்தில் கள்ளிக்கோட்டை ஓடு. முன்னால் நாலு தூண் வைத்த விறாந்தை. 2009இல் ஊரைவிட்டுப் போன நாங்கள் முகாமிலிருந்து 2010இன் இறுதியில் திரும்பி வந்து பார்த்தபோது கதவு, யன்னல், நிலை எதுவும் இல்லை. ஓட்டில் பாதி இல்லை. ஆனால் சுவர் அசையாமல் நின்றது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு மாரியும் திறந்த கூரை வழியாக அந்தச் சுவரின் தலையில்தான் பெய்திருக்கிறது.

சென்ற மாதம் நடந்த ஒரு கூட்டத்தில், அதைப் ‘பாவனைக்கு உதவாத கட்டிடம்’ என்று எழுதி இடித்துவிட்டு அந்த இடத்தில் பொதுநோக்கு மண்டபம் ஒன்று கட்டலாம் என்ற பேச்சு எழுந்தது. புது மண்டபத்துக்குப் பணம் உண்டாம்; பழையதைத் திருத்துவதற்கு ஒரு தலைப்பின் கீழும் பணம் இல்லையாம். ஊரில் இளம்பிள்ளைகள் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டிலேயே மக்கள் மிகக் குறைந்த மாவட்டம் எங்கள் முல்லைத்தீவு. இருக்கும் மண்டபத்தையே நிரப்ப ஆள் இல்லாத இடத்தில் இன்னொரு மண்டபம் எதற்கு என்று நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. பழைய கட்டிடங்களைத் திருத்துவதற்கு உதவிப்பணம் தருவோர் யார், அவர்களுடைய நிபந்தனை என்ன, எங்களைப் போன்றவர்கள் விண்ணப்பிக்க முடியுமா என்பதை விபரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அளவைக்கயிறு

வாத்தியார் ஐயா, நான் கட்டிட மதிப்பீட்டு வேலை செய்பவன். பணத்துக்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பணம் வருவதும் வராமல் போவதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை ஓர் எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்திய கட்டிடத்தைச் சட்டமே தொல்பொருளாக ஏற்றுக்கொள்ளும். பிந்தியதற்கு அந்தத் தகுதி வேண்டுமானால் அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அந்தத் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். கண்டி இராச்சியம் முடிந்த நாளைக் கொண்டு வன்னியின் பழமையை அளப்பது எனக்கு எப்போதுமே விசித்திரமாகப் படும். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும், 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கற்சிலைமடுவில் தோற்றதும் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய செய்திகள். வன்னியில் இன்றைக்குக் கூரையோடு நிற்கக்கூடிய வாடிவீடு, தபாற்கந்தோர், பள்ளிக்கூடம், நாற்சார் வீடு என்பவற்றில் மிகப் பெரும்பாலானவை 1815க்குப் பிந்தியவை. ஆகவே உங்கள் வாசிகசாலை சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய சுவர்.

அடுத்தது பணம். 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்திய கலாசார நிதியம் அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட கலாசார முக்கோணத்துக்காகத் தொடங்கப்பட்டது. சீகிரியா போன்ற இடங்களில் விற்கும் நுழைவுச் சீட்டே அதன் பெரிய வருமானம். வன்னியில் சீட்டு விற்கும் இடம் எதுவும் இல்லை. வெளிநாட்டு உதவியைப் பார்த்தால், யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்த நெதர்லாந்து பணம் தந்தது; மன்னார்ப் பெருநிலத்தில் திருக்கேதீச்சரத் திருப்பணிக்கு இந்தியா 326 மில்லியன் ரூபா ஒதுக்கி, மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் கைவண்ணத்தில் கல்வேலை செய்வித்து, 2022 யூலையில் குடமுழுக்கும் நடந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 2001இல் ஏற்படுத்திய தூதுவர் கலாசாரப் பாதுகாப்பு நிதியம் அம்பாறையில் இராஜகல மடாலயத்துக்கு உதவியது. ஆனால் தனியாருக்குச் சொந்தமான கட்டிடத்தை அது ஏற்பதில்லை.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒல்லாந்தர் கட்டியதற்கு ஒல்லாந்து வருகிறது. தேவாரம் பாடப்பெற்ற தலத்துக்கு இந்தியா வருகிறது. சங்கக்கடைக்கு வெளிநாட்டில் உறவினர் இல்லை.

பூநகரி மணல்

அளவைக்கயிறு சொன்னது சட்டப்படி சரி. ஆனால் வர்த்தமானியில் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்படுவதற்கு முன், பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் ஐயா யோசிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கப்பட்ட கட்டிடத்தில் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் ஓர் ஓட்டைக்கூட மாற்ற முடியாது. சுற்றயலில் குறித்த தூரத்துக்குள் புதிதாகக் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். இதுவாவது எந்த நாட்டிலும் உள்ள வழமை என்று விட்டுவிடலாம். எங்கள் சனத்தின் பயம் வேறு: தொல்பொருள் என்று பெயர் வந்தால் காணியும் கும்பிடும் இடமும் கைவிட்டுப் போய்விடும் என்பது. குருந்தூர்மலையில் 2021இல் அகழாய்வு தொடங்கியதும், அங்கே எழுந்த புதிய பௌத்தக் கட்டுமானம் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் வரை போனதும் எல்லோரும் அறிந்தது. வெடுக்குநாறி மலைச் சிவன் கோயிலில் கும்பிடப் போனவர்கள் பட்ட பாடும் தெரியும். 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. இத்தனையும் பார்த்த ஒருவரிடம், ‘உங்கள் வளவில் பழைய சுவர் இருக்கிறது, பதிவு செய்யுங்கள்’ என்று சொன்னால், அவர் அன்றிரவே கடப்பாரையோடு இறங்கிவிடுவார். எங்கள் பக்கத்தில் பழைய செங்கல் காணியில் வெளிப்பட்டால் அதைப் பற்றி வாய் திறக்காமல் மண்ணைத் தள்ளி மூடிவிடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பூநகரிக் கோட்டைச் சுவரருகே சிறுவயதில் ஆடு தேடித் திரிந்தவன் நான். அது நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஆசை இல்லாமலில்லை.

அளவைக்கயிறு

அந்தப் பயத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திணைக்களத்துக்கு வெளியேயும் சட்டத்தில் ஒரு கதவு உண்டு. அதை எவரும் தட்டிப் பார்க்கவில்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மாகாணசபை நிரலில், தேசிய முக்கியத்துவம் உடையவை என்று பாராளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டவை தவிர்ந்த ஏனைய பழைய, வரலாற்றுச் சின்னங்களும் பதிவேடுகளும் மாகாணத்தின் விடயமாகவே தரப்பட்டிருக்கின்றன. வட மாகாணசபை 2013இலிருந்து 2018வரை இருந்தது. அந்த ஐந்து ஆண்டில், 1815க்குப் பிந்திய கட்டிடங்களுக்கென்று ஒரு சிறு நியதிச்சட்டமும் ஒரு சிறு நிதியும் உண்டாக்கியிருந்தால், வாத்தியார் ஐயா இன்றைக்கு எங்களிடம் கேட்க வேண்டி வந்திராது. அந்த வாய்ப்பை விட்டது கொழும்பு அல்ல.

காணிக் கிளாக்கர்

நான் பிரதேச செயலகம் ஒன்றின் காணிக்கிளையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வுபெற்றவன். நீங்கள் எல்லோரும் சட்டத்தையும் தூதரகத்தையும் பேசுகிறீர்கள். எந்த உதவிப்பண விண்ணப்பத்திலும் முதற் பக்கத்தில் வரும் கேள்வி, காணி யாருடையது என்பது. வன்னியில் அந்தக் கேள்வியோடு அரைவாசி விண்ணப்பம் நின்றுபோகும்.

யாழ்ப்பாணத்தில் காணி என்றால் உறுதி. பாட்டன் முடித்த உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி என்று நொத்தாரிசுவின் கையெழுத்தோடு பெட்டியில் இருக்கும். வன்னியில் அப்படியல்ல. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் மக்கள் வைத்திருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளரை நியமிக்கலாம். விற்கவோ ஈடு வைக்கவோ கையளிக்கவோ போனால் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். அந்தப் பத்திரமும் எத்தனையோ பேருக்கு 2009இல் பங்கருக்குள் நனைந்து போயிற்று, அல்லது உரப்பையோடு வழியில் விடப்பட்டது. கந்தோர்ப் பிரதியும் பல இடங்களில் எரிந்தது. அனுமதிப்பத்திரக்காரர் இறந்து, பின்னுரித்து எழுதப்படாமல், மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில் இருந்தால் அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் யார் என்று கடவுளும் சொல்லமாட்டார்.

வெளிநாட்டுக் கொடையாளிக்கு இது விளங்குவதே இல்லை. அவர் உறுதி கேட்பார். இல்லையென்றால் குத்தகை கேட்பார். குறைந்தது பத்து ஆண்டுக்காவது அந்தக் கட்டிடத்தை மாற்றமாட்டோம், விற்கமாட்டோம் என்ற உடன்படிக்கை கேட்பார். அரச காணியில் இருக்கும் ஒருவர் அந்த உடன்படிக்கையில் ஒப்பமிட முடியாது. ஒப்பமிடக்கூடியவர் செயலாளர், அவர் மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போவார்.

வாத்தியார், உங்கள் வாசிகசாலை எந்தக் காணியில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். பழைய வாசிகசாலைகள் பலவற்றுக்கு ஊரிலுள்ள ஒரு பெரியவர் தன் காணியில் அரைப் பரப்பையோ ஒரு பரப்பையோ தரும உறுதியாக எழுதிக்கொடுத்திருப்பார். அப்படி ஓர் உறுதி இருந்தால் நீங்கள் வன்னியில் மிகச் சிலருக்கே வாய்த்த நிலையில் இருக்கிறீர்கள். காணிப் பதிவகத்தில் தேடுவதற்குக் கட்டணம் சொற்பம். பொறுமைதான் அதிகம் வேண்டும்.

நெடுங்கேணித் தம்பி

எல்லோரும் பெரியவர்கள், கோபிக்க வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கான மலசலகூடம் இல்லை. உள்வீதியில் மாரிக்கு மோட்டார் சைக்கிள் போகாது. யானை வந்து வயலை மிதிக்கிறது. இப்படியிருக்கையில் இடிந்த சங்கக்கடைக்குப் பணம் தேடுவது வசதியுள்ளவர்களின் கவலையாகவே எனக்குத் தெரிகிறது.

ஒட்டுசுட்டான் வாத்தியார்

தம்பி, மலசலகூடத்துக்கான பணத்தை எடுத்து வாசிகசாலைக்குத் தரும்படி நான் கேட்கவில்லை. புது மண்டபத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பழைய சுவருக்குக் கேட்கிறேன். அந்த மண்டபமும் மலசலகூடம் அல்லவே.

நெடுங்கேணித் தம்பி

ஐயா சொல்வது நியாயம். நேற்று எழுதிய பிறகு எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்திய வீடமைப்புத் திட்டம் வந்தபோது, முழுதாக அழிந்த வீட்டைப் புதிதாகக் கட்ட 550,000 ரூபா, பகுதி சேதமானதைத் திருத்த 250,000 ரூபா என்று இரண்டு வகையாகக் கொடுத்தார்கள். பணம் கட்டம் கட்டமாகக் கணக்கில் விழும். அத்திவாரம் முடிந்தால் ஒன்று, சுவர் எழும்பினால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று. அப்பப்பாவின் நாற்சார் வீட்டில் ஒரு பக்கம் ஷெல் விழுந்து உடைந்திருந்தது; மற்ற மூன்று பக்கமும், நடு முற்றமும், பாலை மரத் தூண்களும் அப்படியே இருந்தன. திருத்தினால் 250,000. அந்தப் பணத்தில் அந்தக் கூரையை மூட முடியாது என்று மேசன் சொன்னார். ‘மிச்சத்தையும் தட்டிவிட்டால் முழுச் சேதம்தானே’ என்று பட்டியல் எடுக்க வந்த ஒருவர் வாய்க்குள் சொன்னார். நாங்கள் இரண்டு நாளில் தட்டினோம். தூணை விறகுக்கு வெட்டப் பார்த்தபோது கோடரி திரும்பி வந்தது, அப்படியொரு மரம். இப்போது அந்த இடத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள சீமெந்து வீடு நிற்கிறது. மத்தியானத்தில் அதற்குள் இருக்க முடியாது. அம்மா வேம்பின் கீழ்தான் இருப்பார். அந்தப் பணம் வராவிட்டால் நாங்கள் தகரக் கொட்டிலிலேயே இருந்திருப்போம் என்பதும் உண்மை. அதனால் எவரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு தொகையையும் ஒன்றாக்கியிருந்தால் அந்த வீடு நின்றிருக்கும்.

காணிக் கிளாக்கர்

தம்பி சொன்னதைப் போல நானே பத்துக் கதை சொல்லுவேன். ஒரு விதியில் இரண்டு எண் எழுதப்பட்டால், சனம் எந்த எண்ணின் பக்கம் நடக்கும் என்பதை எழுதியவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

சுண்ணாம்புக்காரி

வேலை பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா மேசன். மாங்குளத்துக்கும் மல்லாவிக்கும் இடையில் அவர் கை படாத சுவர் குறைவு. நான் அவருக்குச் சாந்து குழைத்து வளர்ந்தவள்.

பழைய சுவருக்குச் சீமெந்து பூசுவது, வேர்க்கிற ஆளுக்குப் பொலித்தீன் பையைச் சுற்றிவிடுவதைப் போன்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தோடு உப்பும் ஏறும். வெளியே சீமெந்தால் மூடிவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் கல்லுக்குள் நிற்கும். உப்பு உள்ளேயே பூத்து, கல்லின் முகம் பொரிந்து மாவாக உதிரும். இரண்டு மூன்று மாரிக்குள் பூச்சு ஒரு பாளமாகக் கழன்று விழும், பாதிக் கல்லையும் பிடுங்கிக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டு, ‘கட்டிடம் உக்கிவிட்டது, இடிக்கலாம்’ என்று எழுதுகிறார்கள். உக்கியது கட்டிடம் அல்ல. உதவிப்பணத்தில் செய்த திருத்தந்தான் அதை உக்கப்பண்ணியது.

போர்க் காலத்தில் வன்னிக்குள் சீமெந்துக்குத் தடை இருந்தது பலருக்கு மறந்திருக்கும். தொண்ணூறுகளில் ஒரு பை சீமெந்து தங்கத்தைப் போல. அந்தக் காலத்தில் அப்பா போன்றவர்கள் களிமண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் திரும்பிப் போனார்கள். சிப்பியும் சங்கும் சுட்டு எடுத்த சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, ஈரச் சாக்கால் மூடி, வாரக்கணக்கில் விட்டு வைப்பார். அவசரப்பட்டால் சுவரில் போன பிறகு அது பொங்கி வெடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அதுவும் உப்பில்லாத ஆற்று மணல். சோளகக் காற்று அடிக்கும் மாதத்தில் பூசமாட்டார். பூச வேண்டி வந்தால் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு நாலைந்து நாள் தண்ணீர் தெளிப்பார், ஏனென்றால் மெல்ல மெல்லக் காற்றை எடுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். வேகமாகக் காய்ந்தால் வெறும் மாவு. தடை எங்களுக்குச் செய்த ஒரே நன்மை இந்தக் கைப்பழக்கத்தை இன்னொரு தலைமுறைக்கு நீட்டியதுதான். அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு, ஏணியில் ஏறமாட்டார், ஆனால் கீழே கதிரையில் இருந்து சொல்லிக்கொடுப்பார்.

எந்த உதவிப்பணத்திலும் பொருளுக்கும் கூலிக்கும் தலைப்பு இருக்கும், பழகுவதற்கு இருக்காது. இரண்டு இளைஞரை ஆறு மாதம் ஒரு கிழவனோடு விட்டால் போதும். அதற்குப் போகும் செலவு ஒரு கொங்கிறீட் வளைவு கட்டும் செலவைவிடக் குறைவு.

இன்னொன்று, முதிரை மரம் மாற்ற வேண்டி வந்தால் மரம் ஏற்றுவதற்கு வன இலாகாவின் அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்கு நடுவே இருக்கிறோம் என்பதற்காக மரம் சும்மா வராது.

ரொறன்ரோ வன்னியன்

வணக்கம். முள்ளியவளையில் பிறந்து இங்கே வந்து இருபத்தெட்டு ஆண்டு. எல்லைக்கு அப்பால் ஐக்கிய அமெரிக்காவில் நடக்கும் ஒரு திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதற்காக அல்ல, அதன் அமைப்பு எங்களுக்குப் பொருந்தும் என்று படுகிறது.

அங்கேயும் சிற்றூர்கள் வெறிச்சோடிப் போகின்றன. ஆலை மூடி, பிள்ளைகள் நகருக்குப் போய், பிரதான வீதியில் பழைய கடைகளும் நாடகக் கொட்டகைகளும் பூட்டிக் கிடக்கின்றன. அதற்கென்று தேசியப் பூங்காச் சேவை நடத்தும் ஓர் உதவிப்பணத் திட்டத்துக்கு, வேர்மொன்ற் மாநிலத்தில் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்த போல் புறூன் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதில் மத்திய அரசு கட்டிடக்காரருக்கு நேரே பணம் கொடுப்பதில்லை. மாநிலத்தின் மரபுரிமை அலுவலகத்துக்கோ, இலாபநோக்கற்ற ஓர் அமைப்புக்கோ ஒரு தொகையைக் கொடுக்கும். அவர்கள் அதைச் சிறு சிறு உதவிப்பணமாகப் பிரித்துக் கிராமப்புறத்துக் கட்டிடங்களுக்குக் கொடுப்பார்கள். கட்டிடம் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது அதற்குத் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும். தனியார் கடையும் பெறலாம். பெற்றவர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதன் தோற்றத்தைக் கெடுக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த இடைநிலை. தூரத்தில் இருப்பவர் பெரிய கணக்கைப் பார்க்கிறார். ஊரை அறிந்தவர் சிறிய கணக்கைப் பார்க்கிறார். நாங்கள் இங்கிருந்து பணம் அனுப்பும்போது இந்த இடைநிலை இல்லாததால்தான் எல்லாம் கோயிலுக்குப் போகிறது. கோயிலுக்குத் தர்மகர்த்தா சபை உண்டு, பற்றுச்சீட்டு உண்டு, திருவிழாவில் போய்க் கண்ணால் பார்க்கலாம். வாசிகசாலைக்குத் தந்தால் யாரிடம் கேட்பது?

சுண்ணாம்புக்காரி

கோயிலுக்குப் போகும் பணத்தைப் பற்றி அண்ணா மெதுவாகச் சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் உரத்துச் சொல்லுகிறேன். வன்னியில் இந்தப் பதினைந்து ஆண்டில் பழைய கட்டிடத்தை அதிகம் இடித்தது ஷெல்லுக்கு அடுத்தபடியாகத் திருப்பணிதான். சுண்ணாம்பில் கட்டிய முகமண்டபத்தைத் தட்டிவிட்டுக் கொங்கிறீட்டும் மாபிளும் போட்டுவிட்டு ‘புனருத்தாரணம்’ என்று கல்வெட்டுப் பதிக்கிறார்கள். கும்பிடும் கோயில் வளர வேண்டும், அது எனக்கும் விளங்கும். திருத்துவதும் புதிதாகக் கட்டுவதும் ஒன்றல்ல என்பதைப் பணம் அனுப்புகிறவர்களாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே.

ரொறன்ரோ வன்னியன்

தங்கச்சி சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலுக்கு நானும் அனுப்பியிருக்கிறேன். பழைய மண்டபம் இருந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முசலிக் கரை

மன்னாரிலிருந்து ஒரு குறிப்பு. பட்டியலில் இடம்பெற்றால் கட்டிடம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அரிப்புக்கு வந்து பார்க்க வேண்டும். முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய டொறிக் மாளிகை அங்கே கடலோரத்து மேட்டில் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதே சரி. அலை மேட்டின் அடியை அரிக்கிறது. மேலே சுவர் வெடிக்கிறது. சுவருக்குப் பூச எவ்வளவு பணம் வந்தாலும் கரைக்குக் கல் போடாவிட்டால் பயனில்லை. கரை ஒரு திணைக்களம், சுவர் இன்னொரு திணைக்களம்.

அளவைக்கயிறு

முசலிக் கரை சொன்ன இடத்திலிருந்தே வாத்தியார் ஐயாவுக்குச் செய்முறையைச் சொல்கிறேன். உங்களுக்கும் கடல் உண்டு. அது கூரையில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குத் தலையும் காலும் நனையாமல் இருந்தால் போதும், நடுவில் எத்தனை காயம் இருந்தாலும் நிற்கும். விண்ணப்பம் எழுதி, பதில் வந்து, பணம் வருவதற்குள் இரண்டு மாரி போய்விடும். ஆகவே ஐப்பசி பிறக்கும் முன் சுவர்த்தலை முழுவதையும் தகரத்தால் மூடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. காலடியில் மண் ஏறியிருந்தால் வெட்டி, தண்ணீர் விலகி ஓடப் பண்ணுங்கள். ஆல், அரசு முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். வேரோடு சுவரும் வரும். அடியில் வெட்டிப் பட்டுப்போக விடுங்கள்.

அதேவேளை அளந்து வரையுங்கள். நிலப்படம், நாலு பக்கத் தோற்றம், ஒவ்வொரு வெடிப்பின் படம், தூணின் அடி முதல் நுனி வரை. இடித்தாலும் இடிக்காவிட்டாலும் அது மிஞ்சும். கொடையாளி முதலில் கேட்பதும் அதைத்தான்.

மூன்றாவது விடயத்தில் நான் கொஞ்சம் தந்திரமாகப் பேசப் போகிறேன். மரபுரிமை என்ற பெயரில் வன்னிக்குப் பணம் இல்லை என்று முதல் பதிவில் சொன்னேன். பாலர் பாடசாலை, முதியோர் சங்கம், மாதர் சங்கத்தின் தையல் நிலையம் என்ற பெயரில் பணம் உண்டு. யப்பான் தூதரகத்தின் அடிமட்ட உதவிக்கொடை போன்றவை ஊர்மட்டத் தேவைக்கே கொடுக்கின்றன. அங்கே ‘பழைய கட்டிடத்தைக் காக்க’ என்று எழுதாமல், ‘இருக்கும் கட்டிடத்தைத் திருத்திப் பாலர் பாடசாலையாக்க’ என்று எழுதினால் அதுவே மலிவான திட்டமாகவும் தெரியும். ஆனால் மதிப்பீட்டில் ‘சுண்ணாம்புப் பூச்சு’ என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒப்பந்தகாரர் சீமெந்து மூட்டையோடுதான் வந்து இறங்குவார்.

பூநகரி மணல்

இந்த வழி எனக்கும் சம்மதம். வர்த்தமானியும் இல்லை, திணைக்களப் பலகையும் இல்லை. பிள்ளைகள் இருக்கும் கட்டிடத்தை எவரும் இலேசில் பிடித்துக்கொள்ளவும் மாட்டார்கள். பாதுகாப்பு உடன்படிக்கை என்று கிளாக்கர் ஐயா சொன்னதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசிகசாலைச் சபை பதிவு செய்யப்பட்டிருக்கிறதா?

ஒட்டுசுட்டான் வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் காணிப் பதிவகம். கிளாக்கர் ஐயா சொன்னது பலித்தது. காணி அரச காணி அல்ல. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் முக்கால் பரப்பை ‘வாசிகசாலைக்கும் அதன் பொது உபயோகத்துக்கும்’ என்று தரும உறுதி எழுதியிருக்கிறார். சாட்சிகளில் ஒருவர் என் பாட்டனார். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார். வாசிகசாலை கட்ட முன்னின்றவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்கே புதுச் செய்தி.

சபைப் பதிவு 1989இல் முடிந்துபோயிருக்கிறது. புதுப்பிக்க ஏழு பேர் ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம். நெடுங்கேணித் தம்பி செயலாளராக இருக்க ஒத்துக்கொண்டார். உறுதியின் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டியதால், இடிக்கும் பட்டியலிலிருந்து அடுத்த கூட்டம் வரைக்கும் எடுத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டம் வரைக்கும் மட்டும்.

தகரம் அறுபது வேண்டும். நாற்பது சேர்ந்துவிட்டது, பழையதும் புதியதுமாக. ரொறன்ரோ அண்ணா மிச்சத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். பற்றுச்சீட்டும் படமும் இந்த இழையிலேயே போடுகிறேன், எவரும் பார்க்கலாம். சுண்ணாம்புக்காரித் தங்கச்சி அப்பாவை வரும் சனிக்கிழமை கூட்டிவரச் சம்மதித்திருக்கிறார். மாங்குளத்திலிருந்து முச்சக்கரவண்டிக்கு நான் பொறுப்பு. கிழக்குச் சுவரில் ஒரு வெடிப்பு கை நுழையும் அளவுக்கு இருக்கிறது, அதை முதலில் அவர் பார்க்க வேண்டும். பன்னிரண்டு அடிக்கு மேலான ஏணி யாரிடமாவது இருந்தால் வெள்ளி பின்னேரத்துக்குள் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பது விறாந்தைக்குத்தான் எட்டும்.